எழுந்து போகாதவர்

யாராவது கிளம்பச் சொன்னால் அவர் உட்கார்ந்துவிடுவார். மாட்டேன் என்று சொல்வதில்லை. குரலை உயர்த்துவதில்லை, காரணம் கேட்பதும் இல்லை. "சரிங்க" என்று தலையை ஆட்டிவிட்டு, பக்கத்தில் நாற்காலி இருந்தால் நாற்காலியில், இல்லையென்றால் படிக்கட்டில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அப்புறம் அவரை எழுப்ப யாராலும் முடியாது. ஒரே வீட்டில் அவரோடு இருந்த காலத்தில் இதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன், எரிச்சல் பட்டிருக்கிறேன். பிறகு பயந்தும் இருக்கிறேன்.

கொரோனா அடங்கிப் பள்ளிகள் முழுசாகத் திறந்த சமயம் அது. ஆங்கிலத்தில் எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்துவிட்டு சங்கரன்கோவிலிலிருந்து வந்து, மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தேன். பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை, ரயில் நிற்கிற ஊரிலெல்லாம் ஏதாவது ஒரு பள்ளியில் டெமோ வகுப்பு எடுத்திருப்பேன். பிள்ளைகள் ஆவலாகக் கேட்பார்கள், பின்வரிசையில் பிரின்சிபால் தலையாட்டுவார், கடைசியில் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

சேலையூரில், காம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு மெட்ரிக் பள்ளியின் வரவேற்பறையில்தான் அவரை முதலில் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, இறுக்கிப் பின்னிய தலை, சிரிக்காத முகம். அங்கே உயர்நிலை வகுப்புகளுக்கு ஓர் ஆங்கில ஆசிரியை, சின்ன வகுப்புகளுக்கு ஒருவர் என்று இரண்டு இடம் காலி என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். எனக்கு வேலை கிடைத்தது. அவரிடம், சின்ன வகுப்புக்கு நேற்றே ஆள் போட்டாகிவிட்டது, கிளம்புங்கள் என்று பிரின்சிபால் மேடம் சொன்னார். நான் வெளியே வரும்போது அவர் அதே நாற்காலியில் இருந்தார்.

சான்றிதழ்களைக் கொடுக்க மறுநாள் போனபோதும் அங்கேதான் இருந்தார். பள்ளி விடுகிற வரைக்கும் இருப்பதாகவும், கேட்டால் இடம் காலியானால் சொல்லுங்கள், இங்கேதான் இருப்பேன் என்கிறார் என்றும் வரவேற்பறைப் பெண் என்னிடம் கிசுகிசுத்தாள். வாட்ச்மேனை விட்டு அனுப்பவும் அவர்களுக்குக் கூச்சம். பெற்றோர் வந்துபோகிற இடத்தில், மரியாதையாக உடுத்தி, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணை எப்படிப் பிடித்து வெளியேற்றுவது? புதிதாகப் போட்ட ஆசிரியை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. வேறிடத்தில் கூடுதல் சம்பளம் கிடைத்து அவள் நின்றுவிட்ட காலையில், பிரின்சிபால் மேடம் அறையை விட்டு வெளியே வந்தார். எதிரே இவர்.

எந்த வகுப்பு வேண்டும் என்று கேட்டார்களாம். "நாலாவது இருந்தா நல்லது மேடம்" என்றாராம்.

வீடு கிடைத்ததும் அப்படித்தான். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நான் திண்டாடுவதைப் பார்த்து, சேர்ந்து வீடு பார்க்கலாமா என்று அவர்தான் கேட்டார். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்று பள்ளி விட்டதும் டூ-லெட் பலகைகளைத் தேடி நடந்தோம். பலகையிலேயே குடும்பத்துக்கு மட்டும் என்று எழுதியிருப்பார்கள். எழுதாதவர்கள் வாயால் சொன்னார்கள். கணவர் என்ன செய்கிறார், சொந்த ஊர் எது, என்ன ஆளுங்க, அசைவம் சமைப்பீர்களா, ஆம்பளைங்க யாராவது வருவார்களா. பள்ளியில் என்னை இத்தனை கேள்வி கேட்கவில்லை.

ஒரு வீட்டு உரிமையாளர் அந்த ஊரின் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவர். ஏரிக்குக் கீழே நெல் விளைந்த நிலத்தில் இப்போது மூன்று மாடி கட்டி, முன்னால் கடைகளை விட்டிருந்தார். பனியனோடு கேட்டருகே நின்றே பேசினார்.

"பேமிலிக்குத்தாம்மா வுடுவோம். தனியா கீற பொம்பளைங்களுக்குக் குடுத்துட்டு அப்பால நாங்கதான் பேஜார் படணும். நீங்க கெளம்புங்க."

"சரிங்க" என்றார் இவர். மாடிப்படியின் கீழ்ப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தோளைத் தொட்டு, வாங்கக்கா போகலாம் என்றேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. வீட்டுக்காரர் உள்ளே போனார், வந்தார், கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார். குடியிருப்பவர்கள் எங்களைத் தாண்டி ஏறி இறங்கினார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்காரர் மறுபடி வந்து, இன்னும் போகவில்லையா என்றார். எங்கே போவது என்று தெரியவில்லை சார் என்று இவர் சொன்னார். அதில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "குடுத்துத் தொலையேன், டீச்சருங்கதானே."

முதல் மாடியில் ஓர் அறை, சமையலறை, பின்னால் துணி காயப்போட ஓர் இடம். அன்றிரவு பாயை விரித்துக்கொண்டு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதே வீட்டுக்காரர் இரண்டே மாதம் கழித்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார். மகனுக்குக் கல்யாணம், மாடி வேண்டும். நியாயமான காரணம். இவர் சரிங்க என்றார். மாதம் முடிந்தது, அடுத்த மாதமும் பிறந்தது, பெட்டியைக்கூட எடுக்கவில்லை. எங்கள் தொட்டிக்கு மோட்டார் போடுவதை வீட்டுக்காரர் நிறுத்தினார். கீழே குழாயடியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்கினோம். நாங்கள் வெளியே போகும்போது அவர் மகனும் கூட்டாளிகளும் பைக்கைக் குறுக்கே நிறுத்தி, எடுக்காமல் நிற்பார்கள். யாரும் ஒரு சொல் தப்பாகப் பேசவில்லை. ஆனாலும் கதவு தட்டப்பட்டால் அடுப்பை அணைத்துவிட்டு நிற்பேன்.

அந்தச் சமயம் பார்த்து ஊரப்பாக்கத்தில் ஒரு பள்ளியிலிருந்து எங்கள் இருவருக்குமே அழைப்பு வந்தது. இங்கே தருவதைவிடச் சம்பளம் கூட. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடும் காலியாக இருந்தது, வீட்டுக்கார அம்மா இரண்டு டீச்சர் என்றதுமே சரி என்றுவிட்டார். எனக்குக் கடவுளே கதவைத் திறந்த மாதிரி இருந்தது. அவரிடம் கெஞ்சினேன்.

"நீ போம்மா. எனக்கு இங்கதான்."

ஏன் என்று கேட்டேன். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். அன்று எனக்கு வந்த கோபத்தில் பையில் துணிகளைக்கூட அடுக்கிவிட்டேன். ஆனால் அந்தப் பையன்கள் நிற்கிற கேட்டை அவர் தனியாகத் தாண்டிப் போவதை நினைத்தபோது, திரும்ப எடுத்து மடித்து வைத்தேன். கடைசியில் வீட்டுக்காரரின் மகன் தன் ஆபீஸுக்குப் பக்கம் என்று பெரும்பாக்கத்தில் வீடு எடுத்துப் போனான். ஒருநாள் காலை எங்கள் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

வகுப்பில் அவர் வேறு ஆள். நாலாம் வகுப்பு பி பிரிவுக்கு அவர்தான் வகுப்பாசிரியை. பிள்ளைகளை ஆங்கிலத்தில் பேசு, பேசு என்று விரட்டமாட்டார். தப்பாக வாசித்தால் திருத்தாமல், முடிக்கும்வரை காத்திருப்பார். பிறகு தானும் அதே வரியை ஒருமுறை வாசிப்பார். தர்ஷினி என்று ஒரு பெண் இருந்தாள். எழுதச் சொன்னால் எல்லாம் எழுதுவாள், வாசிக்கச் சொன்னால் உதடு பிரியாது. மற்ற ஆசிரியைகள் அவளை விட்டுவிட்டார்கள். இவர் மதிய இடைவேளையில் அவள் பெஞ்சிலேயே, குட்டி இடத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். அவள் ஒரு வார்த்தை சொல்லும்வரை இருப்பார். மணி அடித்தால் மறுநாள். தீபாவளி விடுமுறைக்கு முன்னால் அந்தப் பெண் எழுந்து நின்று ஒரு முழுப் பத்தி வாசித்தாள். நான் அப்போது வராந்தாவில் போய்க்கொண்டிருந்தேன். இவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்திருந்த பலகையை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் காலையிலிருந்தே விடாமல் கொட்டியது. காம்ப் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் என்று, மதியமே பிள்ளைகளை அழைத்துப் போகப் பெற்றோருக்குச் செய்தி அனுப்பினார்கள். நாங்கள் வகுப்புவாரியாகப் பிள்ளைகளை வாசலுக்குக் கொண்டுவந்து ஒப்படைத்துக்கொண்டிருந்தோம். மழைக்கோட்டோடு ஒருவர் கேட்டுக்குள் பைக்கை நிறுத்தினார். என் பக்கத்தில் நின்ற இவர் சட்டென்று பின்வாங்கி, சாக்பீஸ் பெட்டிகள் வைக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் ஓர் இடத்தை விட்டு அப்படி நகர்ந்து நான் பார்த்ததே இல்லை.

வந்தவர் தர்ஷினியின் அப்பா. நான்தான் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினேன். கண்ணாடி போட்ட சாதாரண மனிதர். தன் மழைக்கோட்டைக் கழற்றி மகளுக்கு மாட்டிவிட்டு, நனைந்துகொண்டே போனார்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டியபடி, என்னக்கா ஆச்சு என்று கேட்டேன். அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தாமலே சொன்னார்.

"இன்னைக்கு வந்தாரே, அவர் என் வீட்டுக்காரர். அது என் பொண்ணு."

ஆம்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்களாம். மாமியாருக்கும் இவருக்கும் தினமும் சண்டை. ஒருநாள் சாயங்காலம் வாக்குவாதம் முற்றி, வீட்டை விட்டுக் கிளம்பு என்று மாமியார் சொல்லியிருக்கிறார். கணவர் ஒன்றும் சொல்லாமல் நின்றிருக்கிறார். ஒன்றரை வயதுப் பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது.

"கோவத்துல விறுவிறுன்னு கிளம்பிட்டேன். எழுப்புனா அழுவா, காலைல வந்து தூக்கிக்கலாம்னு எங்க அப்பா வீட்டுக்குப் போயிட்டேன். காலைல போறேன், பூட்டு தொங்குது."

ஊரை விட்டே போயிருந்தார்கள். அப்பா வக்கீல் வைத்தார், வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக வழக்கு இழுத்தது. அதற்குள் அப்பா போய்விட்டார். இவர் அப்புறம்தான் அஞ்சல் வழியில் படித்து ஆசிரியை ஆனார். கணவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டதாகத் தகவல் வந்தது. எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் தெரியவில்லை. ஏழு வருடம் கழித்து உறவுப்பெண் ஒருத்தி, யாரிடமிருந்தோ தன் போனுக்கு வந்த படம் ஒன்றைக் காட்டினாளாம். சீருடையில் ஒரு சின்னப் பெண். சட்டைப்பையில் இருந்த பேட்ஜைப் பெரிதாக்கிப் பள்ளியின் பெயரைப் படித்திருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை அந்த வரவேற்பறையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அவளிடம் சொல்லப்போகிறீர்களா என்று கேட்டேன்.

"சொல்லி? அவளுக்குத்தான் ஒரு அம்மா இருக்காங்களே."

"பின்ன எதுக்குக்கா இவ்வளவும்?"

"பாத்துக்கிட்டு இருக்கலாம்ல" என்றார். பீன்ஸைத் தண்ணீரில் போட்டு அலசினார்.

அதற்கப்புறம் எனக்கு நிம்மதி போனது. அவர் எப்போதும்போல் சாப்பிட்டார், தூங்கினார், வகுப்புக்குப் போனார். ரகசியத்தைச் சுமந்து அலைந்தவள் நான்தான். கேட்டில் பைக் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன். பெற்றோர் கூட்டம் வந்தது. காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன், கேட்கவில்லை. அதிர்ஷ்டம், அன்று தர்ஷினியோடு வந்தது அவள் அப்பா இரண்டாவதாகக் கட்டியிருந்த பெண். ஒல்லியாக, கையில் குழந்தையோடு இருந்தார். நான் பக்கத்து மேசையிலிருந்து கவனித்தேன். எங்க பாப்பா இப்பல்லாம் வீட்டில் சத்தமாகப் படிக்கிறாள், எல்லாம் உங்களால்தான் மிஸ் என்று சொல்லி, அந்தப் பெண் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். இவர் தன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே அசையாமல் இருந்தார். தர்ஷினி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம்மா என்று அந்தப் பெண்ணின் துப்பட்டாவை இழுத்தாள்.

ஆண்டு விழாவில்தான் எல்லாம் வெளியே வந்தது. யாரோ எடுத்த படத்தைப் பள்ளியிலிருந்து பெற்றோர் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்கள். வேஷம் கட்டிய பிள்ளைகள், நடுவில் வகுப்பாசிரியை. மறுநாள் முதல் பீரியடிலேயே இவரைப் பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒரே வீட்டில் இருப்பவள் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள்.

தர்ஷினியின் அப்பா ஏற்கெனவே அங்கே இருந்தார். ஹெல்மெட்டை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். இது உனக்குத் தெரியுமா என்று மேடம் என்னைக் கேட்டார். தெரியும் மேடம் என்றேன். உன்னிடம் அப்புறம் பேசுகிறேன் என்றார்.

"நான் சண்டை போட வரல மேடம்" என்றார் அவர். "இவங்க இங்க இருந்தா எம்பொண்ணு இங்க படிக்க மாட்டா. டி.சி. குடுத்துடுங்க."

பாதி வருடத்தில் எந்தப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள் என்று மேடம் அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். பிறகு பீரோவைத் திறந்து, வேலையில் சேரும்போது வாங்கி வைத்திருந்த இவருடைய ஒரிஜினல் சான்றிதழ்களை எடுத்து மேசைமேல் வைத்தார். நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் மரியாதை, கிளம்புங்க மிஸ் என்றார்.

இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைப்பை மடியில் இருந்தது. அவர் அப்படி உட்காருவது என்னவென்று எனக்குத் தெரியும். படிக்கட்டும் வற்றிப்போன தண்ணீர்த் தொட்டியும் ஞாபகம் வந்து, இது இன்று முடியப்போவதில்லை என்று நினைத்தேன். மேடம் இன்னொரு முறை சொன்னார், ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னார். அசைவில்லை.

தர்ஷினியின் அப்பா பொறுமையிழந்து எழுந்தார். வகுப்பிலிருந்து நானே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன், டி.சி.யை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று கதவுப் பக்கம் போனார்.

"அவளுக்கு இந்த ஸ்கூல் பிடிச்சிருக்கா?"

இவர்தான் கேட்டார். எல்லாரும் திரும்பினோம். அவர் கதவருகே நின்றே சொன்னார்.

"பிடிச்சிருக்கு. வீட்டுக்கு வந்தா இங்க நடந்ததைத்தான் பேசிக்கிட்டு இருப்பா."

"அப்ப இங்கயே படிக்கட்டும்" என்றார் இவர். "நான் கிளம்பறேன்."

எழுந்துவிட்டார். மேடம் நீட்டிய தாளில், நின்றபடியே மேசையில் குனிந்து, ராஜினாமாவை எழுதினார். எழுத்து ஒரு இடத்திலும் கோணவில்லை. சான்றிதழ்களை எடுத்துக்கொண்டார். கதவருகே நின்றிருந்த அவரைத் தாண்டும்போது ஒரு நொடி நின்றார்.

"இன்னும் குப்புறப் படுத்துத்தான் தூங்கறாளா?"

அவர் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டே, ஆமாம் என்று தலையை அசைத்தார்.

நாலாம் வகுப்பு பி பிரிவைத் தாண்டித்தான் கேட்டுக்குப் போகவேண்டும். பிள்ளைகள் ஆசிரியை இல்லாத வகுப்பில் போடுகிற இரைச்சல் வராந்தா முழுக்கக் கேட்டது. இவர் நடையை வேகப்படுத்தவுமில்லை, குறைக்கவுமில்லை. ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டையும் விட்டார். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் மையத்தில் வேலையும், அதன் மாடியிலேயே ஓர் அறையும் கிடைத்திருந்தது. பெட்டி இறங்குவதைப் பார்த்து வீட்டுக்காரர் பதறிப்போனார். நான் ஒண்ணும் சொல்லலியேம்மா, இன்னாத்துக்குப் போறே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு அவரே கட்டிலைப் பிரித்து, மூச்சு வாங்க ஒவ்வொரு சட்டமாக வண்டியில் ஏற்றினார்.

என் வேலை தப்பியது. தண்டனையோ, வேறு ஆள் கிடைக்காததோ, நாலாம் வகுப்பு பி பிரிவை ஆண்டு முடியும்வரை என் தலையில் கட்டினார்கள். அவர் ஞாயிறு சாயங்காலங்களில் போன் செய்ய ஆரம்பித்தார். புது மையத்தில் வயசுப் பையன்கள் எப்படிக் கூச்சப்படுகிறார்கள், மாடியில் குரங்குகள் என்ன பாடு படுத்துகின்றன என்றெல்லாம் சொல்வார். தர்ஷினியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். எந்தப் பாடம் நடக்கிறது, இந்த வாரம் யாரெல்லாம் எழுந்து வாசித்தார்கள் என்று மட்டும் கேட்பார்.

நான் பெயர்களைச் சொல்லுவேன். முதலில் தர்ஷினியின் பெயரைத்தான் சொன்னேன், அதற்காகத்தானே கேட்கிறார் என்று. அந்தப் பெயர் வந்ததும், சரிம்மா, வைக்கட்டுமா என்று போனை வைத்துவிடுவார். அப்புறம் நான் முறையை மாற்றினேன். அந்தப் பெயரைக் கடைசியில் வைத்துக்கொண்டு, வகுப்பிலிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவரையும், யார் தடுமாறினார்கள், யார் வரியை விட்டார்கள் என்று நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தேன். மறுமுனையில் அவர் ஒரு சத்தமும் இல்லாமல், கேட்டுக்கொண்டே இருப்பார்.